சின்ன இன்ஜினுக்கு இவ்வளவு கூலியா?

கே: எச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயில் டீசல் இன்ஜின் ஒன்றுக்கு மூன்று நிறமும் எழுத்தும் போட்டுத் தரக் கேட்கிற கூலி, இன்ஜின் விலையையே நெருங்குகிறது. ஒரு சாண் நீளப் பொருளுக்கு இவ்வளவா?

ப: நியாயமான கூலிதான். ஒரு நிறத்துக்குச் செலவாவது சில மில்லி லிட்டர் பெயிண்ட், மீதியெல்லாம் நேரம். மேல்கூட்டைக் கழற்றி, கைப்பிடிக் கம்பி, கண்ணாடி, ஹாரன் எல்லாவற்றையும் எடுத்து, பழைய பெயிண்டை நீக்கி, சோப்பு நீரில் கழுவி, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் முதல் நிறமே தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு நிறத்துக்கும் மற்ற இடங்களை மறைக்க டேப் ஒட்டுவது, அடிப்பது, காயவிடுவது, ஏர்பிரஷை (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் சிறு கருவி) கழுவுவது என்று முழுச் சுற்று. நேர்கோட்டுப் பட்டை சுலபம். மூக்கில் சரிந்து இறங்கி, கதவுக் கீல், காற்றுச் சல்லடை மேல் ஓடும் பட்டைக்கு டேப் ஒட்டவே அடிப்பதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

கூலியைக் குறைக்க வழி உண்டு. நிறம் பூசாமலே விற்கும் மாடலை வாங்குங்கள். பெயிண்ட் நீக்கும் வேலை மிச்சம். ஒரே நிறத்திட்டத்தில் நாலைந்து இன்ஜின்களைச் சேர்த்துக் கொடுங்கள். ஏர்பிரஷ் கழுவுவது ஒன்றுக்கும் ஐந்துக்கும் ஒரே வேலைதான்.

கே: பழைய பெயிண்டை எதில் நீக்கலாம்?

ப: முதலில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கூட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்த பிறகு ஊறவிடுங்கள். அரை மணிக்கொரு முறை எடுத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். மறந்து நாள்கணக்கில் ஊறவிட்டால் சில பிளாஸ்டிக்குகள் நொறுங்கும். அசிட்டோன், லாக்கர் தின்னர் இரண்டும் பாலிஸ்டைரீன் என்ற மாடல் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தீப்பற்றும் திரவம்தான், காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம்.

கே: மஞ்சள் பட்டையின் ஓரத்தில் கறுப்பு கசிந்துவிட்டது. மஞ்சளும் சொரசொரப்பாக இருக்கிறது.

ப: இரண்டும் வேறு வேறு கோளாறு. கசிவுக்குக் காரணம் டேப் ஓரத்தில் விட்ட இடைவெளி. பல்குச்சி முனையால் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, கறுப்புக்கு முன் அதே மஞ்சளை டேப் ஓரத்தில் லேசாக அடியுங்கள். கசிவது மஞ்சளாக இருந்தால் மஞ்சள் மேல் தெரியாது, இடைவெளியும் அடைபடும். கறுப்பு முழுக்க இறுகும் முன், டேப்பை அதன்மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள்.

சொரசொரப்பு, பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுவதால் வருவது. அக்ரிலிக் பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், சுமார் 10 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. வெள்ளைப் பிரைமர் மேல் அடித்தால் இரண்டு மூன்று பூச்சில் நிறைந்துவிடும். சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் பூச்சு தடித்து ஆணித்தலைகள் மூழ்கிவிடும்.

கே: டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மின்னுகிறது. ஏன்?

ப: அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மங்கலான பெயிண்ட் மேல் நேரடியாக ஒட்டினால் இப்படித்தான் ஆகும். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். இப்போதைக்கு ஊசி முனையால் அந்த இடங்களில் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தைத் தடவுங்கள். சுருங்கினாலும் தொடாதீர்கள், காயும்போது தானே படியும். மறுநாள் மங்கல் வார்னிஷ். கண்ணாடிகளை அதற்குப் பிறகே மாட்டுங்கள், இல்லையென்றால் பனிமூட்டம்போல் மங்கிவிடும்.