காம்பவுண்ட் வில்: கிரிப்பைக் கழற்றி மாற்றுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கிரிப் மாத்தணும்னா பௌ பிரஸ் வேணுமா? கடைக்குத்தான் எடுத்துட்டுப் போகணுமா?

பதில்: வேண்டாம். பௌ பிரஸ் என்பது வில்லின் வளையும் கைகளான லிம்பை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி. கிரிப்புக்கும் நாண், கேபிள், கேம் (லிம்பின் முனையில் சுழலும் சக்கரம்) எதற்கும் தொடர்பில்லை. அது ரைசரின் (வில்லின் நடுச் சட்டம்) மேல் உட்காரும் கைப்பிடி உறை, அவ்வளவுதான். வில்லை ஒரு துண்டின் மேல் படுக்க வைத்து, ஸ்டெபிலைசரையும் (அதிர்வைக் குறைக்கும் தண்டு) கை வாரையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். முதலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிரிப் இரண்டு தனித் தகடாக வரும் பக்கத் தகடு வகை என்றால் பக்கத்துக்கு ஒன்றிரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒரே துண்டாக இருந்தால் முன்புறமோ பக்கவாட்டிலோ ஒன்றிரண்டு இருக்கும். மேலும் கீழும் லிம்பைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டையும், அதன் பக்கத்தில் சில வில்களில் இருக்கும் பூட்டு ஸ்க்ரூவையும் மட்டும் தொடவே கூடாது. அவற்றைத் தளர்த்தினால் இழுவிசையும் டியூனிங்கும் மாறிவிடும்.

கேள்வி: வீட்டில் இருக்கிற மில்லிமீட்டர் அலென் கீ போதுமா சார்?

பதில்: வில்களில் அலென் கீ (அறுகோணச் சாவி) பெரும்பாலும் அங்குல அளவுதான் வரும். 5/64 அங்குலம் என்பது 1.98 மி.மீ.; அதற்கு 2 மி.மீ. கீ நுழைந்தால் பயன்படுத்தலாம். 3/32 என்பது 2.38, 2.5 நுழையாது, 2 போட்டால் வழுக்கும். 1/16 என்பது 1.59, அதில் 1.5 மி.மீ. கீ ஆடும். முதல் திருகலிலேயே தலை மழுங்கிவிடும். அங்குல அளவு செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே மழுங்கிடுச்சு. இப்ப என்ன பண்றது?

பதில்: வியர்வை உப்பு இறங்கினால் எஃகு ஸ்க்ரூ அலுமினிய ரைசரோடு அரித்துப் பிடித்துக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். பிறகு 5/64 தலையென்றால் டார்க்ஸ் (நட்சத்திர முனை) டி8, 3/32 என்றால் டி10 பிட்டை மெல்லத் தட்டி இறக்கி, அழுத்தத்தை விடாமல் மெதுவாகத் திருகுங்கள். அப்படியும் அசையாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். டிரில் போடுவதைக் கருவியும் பழக்கமும் உள்ளவரிடம் விடுங்கள். ரைசரின் மரை போனால் இழப்பு மிகப் பெரியது.

கழற்றிய ஸ்க்ரூவுக்குப் பதில் ஹார்டுவேர் கடையில் கிடைப்பதைப் போடாதீர்கள். 8-32 என்ற அங்குல மரையில் எம்4 என்ற மி.மீ. ஸ்க்ரூ கொஞ்ச தூரம் இறங்கும். ஆனால் ஒன்றின் மரை இடைவெளி 0.79 மி.மீ., மற்றதன் இடைவெளி 0.7. இறுக்கும்போது மரை பாழாகும்.

கேள்வி: என் வில்லில் ஸ்க்ரூவே தெரியலை. ஒட்டியிருக்காங்க போல.

பதில்: இருபக்க டேப்பாக இருக்கலாம். முதலில் லோகோ உள்ள சிறு தகட்டின் அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். ஹீட் கன் வேண்டாம். நாண் இழை பாலிஎதிலின் வகை; ஏறத்தாழ 150 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். நாணுக்கும் கேபிளுக்கும் அட்டை மறைப்பு வையுங்கள். கார்பன் ரைசர் என்றால் கை தாங்கும் சூட்டோடு நிறுத்துங்கள்.

சூடான பின் தூண்டில் நரம்பைத் தகட்டுக்கும் ரைசருக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தகடு உடையும், ரைசரில் கீறலும் விழும். மிச்சப் பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். கேமோ பூச்சு உரிந்து வந்துவிடும்.

கேள்வி: புது கிரிப்பை ஃபெவிகுயிக் போட்டு ஒட்டலாமா?

பதில்: கூடாது. காய்ந்ததும் நொறுங்கும் பசை அது. அதிர்வில் விட்டுப்போகும், சுற்றிலும் வெள்ளைப் படலம் வரும், அடுத்த முறை கழற்றவும் முடியாது. மெல்லிய இருபக்க டேப் போதும்.

ஸ்க்ரூ வகையென்றால் நீள அலென் கீயைக் குட்டைப் பக்கமாகப் பிடித்து இரண்டு விரலால் இறுக்குங்கள்; அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் விரியும், மரம் பிளக்கும். நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) மரையின் நுனியில் மட்டும், அதுவும் மரம் அல்லது உலோக கிரிப்பாக இருந்தால்தான். பல பிளாஸ்டிக் வகைகள் அது பட்டால் வெடிப்பு விடும். இறுக்கிய பிறகும் தகடு ஆடினால் ஸ்க்ரூ நீளம் அதிகமாகி அடியில் முட்டுகிறது என்று அர்த்தம், மேலும் முறுக்காதீர்கள்.

கேள்வி: கிரிப்பை மாத்தினதுல இருந்து டிரா நீளம் கூடின மாதிரி இருக்கு, அம்பும் இடப்பக்கம் போகுது. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. கேம் நிற்கும் இடத்தை வைத்து ரைசருக்கும் நாணுக்குமான தூரம் முடிவாகிறது. கை எங்கே பதிகிறது என்பதை கிரிப் முடிவு செய்கிறது. உள்ளங்கை அழுத்தும் பின்முகம் 3 மி.மீ. மெலிந்தால் கை அவ்வளவு முன்னே போகும். டிரா (நாணை இழுக்கும் நீளம்) ஏறத்தாழ 1/8 அங்குலம் கூடும். டேப் சுற்றித் தடித்தால் குறையும். பக்கத் தகட்டை மட்டும் மாற்றியிருந்தால் நீளம் மாறாது, அகலம்தான் மாறும். அகலம் மாறும்போது கை வில்லைத் திருகும் விதம் மாறுகிறது. இடப்பக்கம் போவதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த நேரத்தில் சைட்டை (குறி பார்க்கும் கருவி) தொடாதீர்கள். பலரும் செய்யும் தவறு இதுதான். ஆயுள் ரேகைக்குப் பெருவிரல் பக்கத்துச் சதை மட்டும் கிரிப்பில் படியட்டும்; விரல் முட்டிகள் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் இருக்கட்டும்; விரல்கள் தளர்வாக இருக்கட்டும். 2 மீட்டரில் காகிதத்தில் எய்து கிழிசலைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி கிழிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கையை. எப்போதும் ஒரே மாதிரி கிழிந்தால்தான் ரெஸ்ட்டையோ (அம்பு தங்கும் தாங்கி) கேமையோ பார்க்க வேண்டும். எல்லாம் சரியான பிறகு, அம்பு விழும் பக்கமாக சைட்டை நகர்த்துங்கள். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 8 செ.மீ. தான், கிரிப்பின் சிறு மாற்றமும் அங்கே தெரியும்.

கேள்வி: கிரிப்பே இல்லாம வெறும் ரைசர்ல டென்னிஸ் டேப் சுத்தி எய்யலாமா?

பதில்: தாராளமாக. பலர் அப்படித்தான் எய்கிறார்கள். ஒரே சுற்று, மேடுபள்ளம் இல்லாமல் சுற்றுங்கள். கை வழுக்கி நகர்ந்து தானாக இடம் பிடிக்க வேண்டும், அதனால் ஒட்டும் தன்மை அதிகமுள்ள டேப்பைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: 3டி பிரிண்ட் கிரிப்?

பதில்: பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரியை ஒட்டி இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் நெளிந்துவிடும். ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் நல்லது.

கேள்வி: மர கிரிப் கொஞ்சம் தடிமனா இருக்கு. தேய்க்கலாமா அண்ணா?

பதில்: கழற்றி வைத்துத் தேய்க்கலாம். 120, 220, 400 என்று உப்புத்தாள் வரிசை. ஒரு நாளில் அரை மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். மறுபடி பூட்டி, இலக்கின் முன் நின்று முப்பது அம்பு எய்து பார்த்துவிட்டு அடுத்த நாள் தொடருங்கள். கையில் பிடித்துப் பார்ப்பதற்காக அம்பில்லாமல் நாணை இழுக்க வேண்டாம். நழுவினால் லிம்பே உடையும். ஸ்க்ரூ துளையைச் சுற்றி மெலியவிடாதீர்கள், பிளவு அங்கிருந்துதான் தொடங்கும். அளவு சரியானதும் டங் எண்ணெய் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகு. உட்புறத்தையும் பூசுங்கள், வியர்வை அந்த வழியாகத்தான் மரத்துக்குள் இறங்கும்.