டிகிரியா, சிசிஎன்ஏவா? நம்ம ஊர் கணக்கு வேற

கேள்வி இதுதான்: தண்டையார்பேட்டை தம்பி ஒருத்தர், கவர்மென்ட் ஸ்கூல்ல ப்ளஸ் டூ முடிச்சிருக்காரு, நெட்வொர்க்கிங் வேலைக்குப் போகணுமாம், மூணு வருஷத்த டிகிரில போடாம நேரா சிசிஎன்ஏ, அதாவது சிஸ்கோன்ற நெட்வொர்க் கம்பெனி நடத்துற பரீட்சை, அத எழுதிட்டு உள்ள பூந்துடலாமா, யூட்யூப்ல எல்லாரும் டிகிரி வேணாம்னுதான சொல்றாங்கன்னு கேக்குறாரு.

யூட்யூப்காரங்க பொய் சொல்லல தம்பி, அவங்க சொல்றது அவங்க ஊர் கணக்கு. அமெரிக்கால காலேஜ் படிக்கணும்னா நெறைய பேரு லோன் வாங்கணும், அது பல்லாயிரம் டாலர்ல போய் நிக்கும், அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தா சிசிஎன்ஏ எக்ஸாம் ஃபீஸ் 300 டாலர்ன்றது சில்லற. இங்க அப்டியே உல்டா. வியாசர்பாடி அம்பேத்கர் ஆர்ட்ஸ் காலேஜ் மாதிரி ஒரு கவர்மென்ட் காலேஜ்ல மூணு வருஷத்துக்கும் கட்ற ஃபீஸ கூட்டிப் பாரு, ஒரே ஒரு தடவ சிசிஎன்ஏ எழுதுறதுக்கு வரியோட சேத்து முப்பதாயிரம் பக்கம் போகுது பாரு, அத தொடவே தொடாது. நம்மளுக்கு டிகிரிதான் சீப்பு, சர்டிஃபிகேட்தான் காஸ்ட்லி.

அதுக்கு மேல நீ கவர்மென்ட் ஸ்கூல் பையன். ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் அங்கயே படிச்சிருந்தா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல காலேஜ் படிக்கிற வரைக்கும் மாசம் 1000 ரூபா உன் அக்கவுண்ட்ல விழும், 2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் 2022ல இருந்தே இருக்கு. அத செலவு பண்ணாம சேத்து வெச்சா கடைசி வருஷம் எக்ஸாம் ஃபீஸ் அதுலயே வந்துடும், வீட்ல கை நீட்ட வேணாம். காலேஜுக்கே போகலன்னா அந்தப் பணமும் இல்ல.

இப்ப டிகிரி எதுக்குன்றத சொல்றேன். நான் கொருக்குப்பேட்டை, பிஎஸ்சி மேத்ஸ் படிச்சேன், சிசிடிவிக்கு கேபிள் இழுக்குற வேலைல ஆரம்பிச்சேன், இப்ப ஓஎம்ஆர் பக்கம் ஒரு நாக்ல ஷிஃப்ட் பாத்துக்குறேன், நாக்னா கஸ்டமரோட நெட்வொர்க்க இருபத்திநாலு மணி நேரமும் ஸ்க்ரீன்ல பாத்துனே இருப்போமே அந்த எடம். ஃப்ரெஷர் இன்டர்வியூல என்னையும் உக்கார வெப்பாங்க. நான் எல்லார் கிட்டயும் கேக்குற ஒரு கேள்வி: ஒரு பிசில ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்ல அதோட நம்பர், 169.254ன்னு ஆரம்பிக்குது, இன்டர்நெட் வரல, இன்னா பண்ணுவ? ஒரு பையன் சிசிஎன்ஏ பாஸ்னு ரெஸ்யூம்ல போட்டிருந்தான், கேள்விய கேட்டதும் ஓஎஸ்ஐன்னு நெட்வொர்க்க ஏழு அடுக்கா பிரிச்சு சொல்ற பாடம் இருக்கு, அந்த ஏழு லேயரையும் மேல இருந்து கீழ ஒப்பிச்சான், அப்புறம் கீழ இருந்து மேல ஒப்பிச்சான், அவ்ளோதான். டம்ப்ஸ், அதாவது வெளிய கசிஞ்ச எக்ஸாம் கேள்வி பதில மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்னு அப்பவே தெரிஞ்சிடும். அதே நாள்ல காசிமேட்டுப் பையன் ஒருத்தன், லோக்கல் கேபிள் ஆபரேட்டர் கிட்ட ஃபைபர் கனெக்ஷன் குடுத்துனு இருந்தவன், எந்த சர்டிஃபிகேட்டும் இல்ல, அவன் சொல்றான், "சார் அது டிஹெச்சிபி கிட்ட இருந்து அட்ரஸ் கிடைக்கலன்னு அர்த்தம், கேபிள பாப்பேன், லிங்க் லைட் எரியுதான்னு பாப்பேன், எரிஞ்சா அந்த போர்ட்டு சரியான விலான்ல இருக்கான்னு பாப்பேன், பக்கத்து பிசிக்கு அட்ரஸ் வருதா பாப்பேன்." டிஹெச்சிபின்னா பிசிக்கு தானா ஐபி அட்ரஸ் குடுக்குற சர்வீஸ், விலான்னா ஒரே சுவிட்ச்ச தனித்தனி நெட்வொர்க்கா பிரிச்சு வெக்கிறது. எனக்கு இதுக்கு மேல இன்னா வேணும்? பேனல்ல எல்லாரும் ஓகே சொல்லிட்டோம். எச்ஆர்ல போய் நின்னுடுச்சு. டிகிரி இல்ல, டிஸ்கன்டினியூ. கஸ்டமரோட போட்ட அக்ரிமென்ட்லயே கிராஜுவேட் ஆளுங்கதான் போடணும்னு இருக்காம், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. நாங்க எவ்ளோ சொல்லியும் நகரல. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகல.

டிகிரி உனக்கு ரவுட்டிங், அதாவது டேட்டாவ எந்த வழில அனுப்பணும்னு, கத்துக் குடுக்காது, அத நான் ஒத்துக்குறேன். பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கூட நெட்வொர்க்ஸ்னு ஒரு பேப்பர் வரும், அதுலயும் பாதி தியரி. ஆனா எந்தக் கேட்டுல எவன் நிறுத்துவான்னு உனக்கு முன்னாடியே தெரியாது பாரு. பல பெரிய கம்பெனி போர்ட்டல்ல டிகிரின்னு இருக்குற கட்டத்த ஃபில் பண்ணாம அப்ளிகேஷன் அடுத்த பேஜுக்கே போகாது. கவர்மென்ட் பரீட்சைல நெறையா போஸ்ட்டுக்கு டிகிரி இல்லன்னா ஃபார்மே போட முடியாது. கல்ஃபுக்கு இன்ஜினியர்னு விசால போகணும்னா டிகிரி சர்டிஃபிகேட்ட அட்டெஸ்ட் பண்ணச் சொல்வாங்க, நம்ம ராயபுரம் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்க, கேட்டுப் பாரு. இத்தனைக்கும் பல எடத்துல "எனி டிகிரி"தான் கேக்குறான், அதனால கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு கிடைக்கலன்னு மொத்தமா விட்டுடாத, மேத்ஸோ பிசிக்ஸோ கிடைச்சதுல சேரு, அரியர் மட்டும் வெக்காத. பாலிடெக்னிக்கும் ஒரு வழி, தகுந்த குரூப்ல ப்ளஸ் டூ முடிச்சவங்கள நேரா ரெண்டாவது வருஷத்துல சேப்பாங்க, அது முடிச்சிட்டு பிஇ ரெண்டாவது வருஷத்துக்கும் போலாம்.

சர்டிஃபிகேட் பக்கம் வருவோம், இதுல ஏமாத்து ஜாஸ்தி. சென்னைல பாதி இன்ஸ்டிட்யூட்டு "சிசிஎன்ஏ சர்டிஃபிகேட்"னு குடுக்குறது அவங்க லெட்டர்ஹெட்ல அடிச்ச கோர்ஸ் கம்ப்ளீஷன் பேப்பர், அதுக்கும் சிஸ்கோவுக்கும் சம்பந்தமே இல்ல. நிஜ சிசிஎன்ஏன்னா 200-301ன்னு ஒரு எக்ஸாம், 2020 பிப்ரவரில இருந்து அந்த ஒரே பேப்பர்தான், பியர்சன் வியூன்ற எக்ஸாம் நடத்துற கம்பெனில புக் பண்ணி ரெண்டு மணி நேரம் எழுதணும், ஒரு கேள்விய தாண்டிட்டா திரும்பி வர முடியாது. ஃபெயிலாயிட்டா திரும்ப எழுத திரும்ப ஃபீஸ் கட்டணும். எந்த இன்ஸ்டிட்யூட்லயும் படிச்சிருக்கணும்னு ரூல் இல்ல, டிகிரியும் கேக்க மாட்டான். சிசிஎன்ஏ, அதுக்கு அடுத்த படியான சிசிஎன்பி, ஃபயர்வால் எல்லாம் சேத்து ஒரே பேக்கேஜ், ஹண்ட்ரட் பர்சென்ட் ப்ளேஸ்மென்ட்னு எவனாச்சும் சொன்னா எக்ஸாம் ஃபீஸ் அதுல சேந்திருக்கான்னு ஒரு கேள்வி கேளு, மூஞ்சி மாறும்.

இன்னொரு மேட்டர் யாரும் சொல்ல மாட்டாங்க. சிசிஎன்ஏ மூணு வருஷத்துல காலாவதி. நீ இப்ப பதினேழு பதினெட்டு வயசுல எழுதி பாஸாயிட்டு, அப்புறம் காலேஜ் சேந்தன்னு வெச்சுக்கோ, நீ டிகிரி வாங்கி வெளிய வர்றப்ப அது முடிஞ்சு போயிருக்கும், மறுபடியும் முப்பதாயிரம். டிகிரிக்கு அந்தத் தொல்ல இல்ல. அதனாலதான் எக்ஸாம கடைசி வருஷத்துல வெச்சுக்கோன்றேன், ஆறாவது செமஸ்டர் நடக்குறப்ப எழுதினா சூடா ரெஸ்யூம்ல போட்டு இன்டர்வியூ போலாம். வேலைல சேந்தப்புறம் அந்த மூணு வருஷத்துக்குள்ள சிசிஎன்பில ஒரு பேப்பர் எழுதி பாஸ் பண்ணிட்டன்னா சிசிஎன்ஏவும் தானா புதுசாயிடும், சில கம்பெனில அந்த ஃபீஸயும் அவங்களே குடுப்பாங்க.

எக்ஸாம் கடைசில வெச்சாலும் படிப்ப இப்பவே ஆரம்பி. சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் அகாடமி சைட்டுல அக்கவுண்ட் போட்டா பாக்கெட் ட்ரேசர் ஃப்ரீ, நிஜ சுவிட்ச் இல்லாமலே கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் கட்டிப் பாக்குற சாஃப்ட்வேர், பழைய லேப்டாப்ல கூட ஓடும். ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் சிஸ்கோ சுவிட்ச் வாங்கலாமான்னு தோணும், இப்ப வேணாம், அதோட ஃபேன் சத்தம் தாங்காம வீட்ல அம்மா ப்ளக்க புடுங்கிடுவாங்க. சப்நெட்டிங்க, அதாவது ஒரு நெட்வொர்க்க சின்னச் சின்ன துண்டா பிரிக்கிறத, மட்டும் தெனம் பத்து கணக்கு போடு, ஸ்லாஷ் 26ன்னா ஒரு சப்நெட்ல 62 ஹோஸ்ட்டு (மெஷின்)னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். விலான், பல விலான ஒரே கேபிள்ல அனுப்புற ட்ரங்க், ரவுட்டருங்க தங்களுக்குள்ள வழி சொல்லிக்கிற ஓஎஸ்பிஎஃப் எல்லாம் ட்ரேசர்ல கட்டி, நீயே ஒரு எடத்துல தப்பா கான்ஃபிக் பண்ணி வெச்சுட்டு, ஃப்ரெண்டு ஒருத்தன கண்டுபுடிக்கச் சொல்லு, அவன் வெச்சத நீ கண்டுபுடி. எங்க வேலையே அதான், எவனோ பண்ணி வெச்ச தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு தேடுறது.

வீட்டு நெலம சரியில்ல, இப்பவே சம்பாதிக்கணும்னா அது வேற, அதுக்கும் டிகிரிய விட வேணாம். சில காலேஜ்ல ரெண்டாவது ஷிஃப்ட் இருக்கு, க்ளாஸ் மத்தியானத்துக்கு மேலதான், காலைல வேலை பாக்கலாம். அதுவும் முடியலன்னா மெட்ராஸ் யுனிவர்சிட்டி தொலைதூரக் கல்வில சேந்துட்டு பகல்ல ஃபீல்டு வேலைக்குப் போ. மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டும் குடோனுமா இருக்கு, எல்லாத்துலயும் கேமரா, வைஃபை, ஃபைபர், அத மாட்டுறதுக்கும் ரிப்பேர் பாக்குறதுக்கும் பைக்கும் லைசென்ஸும் இருக்குற பசங்கள எப்பவும் தேடினே இருப்பாங்க, டிகிரி கேக்க மாட்டாங்க. சம்பளம் கம்மிதான், வெயில்ல ஏணி மேல நிக்கணும், ஆனா க்ரிம்பிங் (கேபிள் முனைல கனெக்டர் மாட்டுறது), பேட்ச் பேனல் (கேபிளுங்க வந்து சேர்ற பலகை), ஸ்விட்ச் ராக்கு எல்லாம் கைல பழகிடும், அந்த 169.254 கேள்விக்கு உனக்கும் பதில் வந்துடும். சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ, பெட்ரோல் காசு தனியா குடுக்குறானா இல்ல சம்பளத்துலயே சேத்து சொல்றானா, மணலி எக்ஸ்பிரஸ் ரோடுல தெனம் போய் வந்தா பாதி சம்பளம் பெட்ரோலுக்கே போயிடும்.