டீச்சரிடம் கேளுங்கள்: கழலாத வளையல்

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு, நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். அப்பா தமிழர், அம்மா தியோசூ சீனர். பார்ப்பதற்கு அம்மாவைப் போலவே இருப்பேன். பள்ளியில் தமிழ்தான் எடுத்திருக்கிறேன். எல்லாரும் இன உடையில் பள்ளிக்குப் போகும் இன நல்லிணக்க நாள் நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சென்ற ஆண்டு பாவாடை தாவணி உடுத்திப் போனேன். கையில் ஆ மா, அதாவது அம்மாவின் அம்மா, பத்து வயதில் மாட்டிவிட்ட ஜேட் வளையல். அது இப்போது கழலாது. "மாறுவேடப் போட்டியா?" என்று தமிழ் வகுப்புத் தோழியே கேட்டுவிட்டாள். அதற்கு முந்தைய ஆண்டு சீன உடையான சியோங்சாம் அணிந்தேன். "நீதான் சீனம் படிக்கவில்லையே" என்றார்கள். இந்த முறை காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா? நான் யார், டீச்சர்?
- ஈசூன் வாசகி

பதில்: காய்ச்சல் வேண்டாம், மகளே. போய் வா.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "தாவணி உடுத்தி" என்று எழுதியிருக்கிறாய். உன் வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் "போட்டு" என்றுதான் எழுதுவார்கள். 31 ஆண்டுகள் கட்டுரை நோட்டுகளைத் திருத்தியவள் நான், எனக்குத் தெரியும். அந்தச் சொல் பாடப்புத்தகத்திலிருந்து வந்திருக்காது. உன் தமிழ்ப் பாட்டி மடிப்பு எடுத்துக் கட்டிவிடும்போது வாய்விட்டுச் சொன்ன சொல்லாகத்தான் இருக்க வேண்டும். அது உன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேலி செய்த தோழியிடம் அந்தச் சொல் இருக்கிறதா என்பது எனக்கு ஐயமே.

இந்த நாள் எதற்காக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1964 ஜூலை 21 அன்று சிங்கப்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, ஊரடங்குச் சட்டம் வந்தது. அதை மறக்கக் கூடாது என்றுதான் 1997 முதல் பள்ளிகளில் இந்த நாளைக் கடைப்பிடிக்கிறோம். அன்று அக்கம்பக்கத்து வீடுகளில் யார் யாருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதை என் அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட நாள், யாருக்கு எந்த உடை பொருந்துகிறது என்று மதிப்பெண் போடும் நாளாகச் சுருங்கிப்போனதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு.

நீ யார் என்று கேட்கிறாய். 2011 முதல் கலப்புமணப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அடையாள அட்டையில் நடுவே கோடு போட்டு இரண்டு இனத்தையும் பதியலாம். ஆனால் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்ற இன விகிதாசாரத்தைக் கணக்கிடும்போது முதலில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வீடு ஒதுக்குகிறவர்களுக்கு ஏதாவது ஒரு வரிசை வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வரிசையை நீ உன் மனத்துக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தீபாவளிக்கு எங்கே துணி எடுக்கிறாய்? லிட்டில் இந்தியாவின் தேக்காவில். நம் வாயில் தமிழ்ச்சொல் போலவே புழங்கும் அந்தப் பெயர் ஹொக்கியன் சீனம். மூங்கில் புதரின் அடி என்று பொருள். முல்லைப்பூவும் வாழையிலையும் வாங்க நாம் போகும் இடத்தின் பெயரே சீனப் பெயர்! வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலுக்குப் போகும் சீனப் பாட்டிமார் பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். உன் ஆ மாவும் ஏற்றியிருக்கக்கூடும், கேட்டுப் பார். இந்த ஊர் உன்னைப்போலவே பிறந்த ஊர்.

இனி நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனுக்கும் அப்பா தமிழர், அம்மா சீனர். வாசிக்கச் சொன்னேன். "மழை பெய்தது" என்பதை "மலை பெய்தது" என்று வாசித்தான். திருத்தினேன். மறுபடியும் மலை. மூன்றாம் முறையும் எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்துத் திருத்தினேன். வகுப்பு சிரித்தது, நான் அதட்டி அடக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அவன் என் வகுப்பில் வாய் திறந்து தமிழ் பேசவில்லை. தேர்வில் மட்டும் எழுதினான்.

பின்னொரு பொங்கலுக்கு முந்திய நாள் அவனைத் தேக்கா ஈரச்சந்தையில் பார்த்தேன். வளர்ந்து ஆளாகியிருந்தான். என்னை அடையாளம் கண்டு, மரியாதையோடு, ஆங்கிலத்தில் நலம் விசாரித்தான். பிறகு கரும்புக்காரரிடம் திரும்பினான். "அண்ணே, இரண்டு கரும்பு கொடுங்கள். தோகையை வெட்டாதீர்கள், அம்மா சத்தம் போடுவார்" என்றான். நல்ல தமிழ். அடுத்த நொடி என் பக்கம் திரும்பி மறுபடியும் ஆங்கிலம். தமிழ் அவனிடம் பத்திரமாகத்தான் இருந்தது. என் முன்னால்தான் அதை வெளியே எடுக்க மாட்டான். அன்று வாங்கிய மஞ்சள் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தோகை வெட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பிய அம்மா சீனப்பெண் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

ஆகவே இந்த ஜூலையில் பாட்டியிடமே போய்த் தாவணி கட்டிக்கொள். வளையல் கையிலேயே இருக்கட்டும், அது எப்படியும் கழலப் போவதில்லை. தோழி மறுபடியும் கேட்டால், "தாவணி பாட்டி கட்டியது, வளையல் ஆ மா போட்டது" என்று தமிழில் சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல நீ கடமைப்பட்டவள் இல்லை.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு வயது 14. ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து தாத்தா வீடியோவில் அழைத்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். தமிழ் நன்றாகவே வரும். இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- பொங்கோல் வாசகி

பதில்: அழைப்பில் தாத்தாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் அம்மா? சித்தப்பா பிள்ளைகள் இருக்கிறார்களா? இவன் வாக்கியத்தின் கடைசியில் "லா" போடுவதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்களா? பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். அங்கே சிங்கப்பூர்க்காரன், இங்கே வகுப்பில் இந்தியாவிலிருந்து வந்தவன். 14 வயதில் இரண்டு பக்கமும் இடிபடுவது கொஞ்ச வலி இல்லை.

கூட்டமாகப் பேச வைக்காதீர்கள். தாத்தாவையும் பேரனையும் மட்டும் பேச விடுங்கள், நீங்களும் அடுப்படிக்குப் போய்விடுங்கள். பேசுவதற்கு ஒரு காரியமும் வேண்டும். "சாப்பிட்டாயா, படிக்கிறாயா" என்பதற்கு எத்தனை வாரம்தான் ஒருவன் பதில் சொல்வான்? தாத்தாவுக்குக் கைப்பேசியில் மின்கட்டணம் கட்டத் தெரியாது என்றால் அதைச் சொல்லித்தரும் பொறுப்பை இவனிடம் கொடுங்கள். சொல்லிக்கொடுப்பவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

கேள்வி: தேசிய சேவையில் இருக்கிறேன். இரவில் விளக்கை அணைத்தால், "சிரி, அப்போதுதான் நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும்" என்று கூடாரத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன். மற்றபடி நல்ல நண்பர்கள். பெரிதுபடுத்தாமல் விடுவதுதானே நல்லது?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இல்லை தம்பி. உனக்கு உறுத்தாமல் இருந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டாய். கூட்டத்தில் சண்டை போட வேண்டாம். அவர்களில் உனக்கு மிக நெருங்கியவனைத் தனியாக அழைத்து, "அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரே வரியில் சொல். அடுத்த முறை நீ சிரிக்காதே. நல்ல நண்பனாக இருந்தால் அவனே மற்றவர்களை அடக்குவான். அதன் பிறகும் நிற்கவில்லையென்றால் மேலதிகாரியிடம் சொல்வதில் தவறே இல்லை.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். வீட்டில் மூன்று தலைமுறையாக ஆங்கிலம். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். இதை நண்பன் ஒருவன் எழுதிக் கொடுத்தான். என்னைத் தமிழன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா?
- செங்காங் வாசகர்

பதில்: தமிழ் தெரியாத உங்கள் கேள்வி தமிழில் வந்து சேர்ந்திருக்கிறது. நண்பனை உட்கார வைத்து எழுத வைத்திருக்கிறீர்களே, அந்த அக்கறையை முதலில் மதிக்கிறேன்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. 2010-இல் அது 3.3. இதைப் பார்த்து எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. அதற்காக உங்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினால் அந்த எண் கூடிவிடுமா?

மலேசியாவின் மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பு இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் கடல்வழி வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் மலாய் உடையான சாரோங் கெபாயா அணிவார்கள். தமிழ் அவர்கள் நாவிலிருந்து போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் 1781-இல் அவர்களுடைய முன்னோர் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. போகியன்று வாழையிலை விரித்து, மலாய் மணம் வீசும் பதார்த்தங்களைப் பரப்பி, முன்னோருக்குப் படைக்கிறார்கள். மறுநாள் பொங்கல்.

மொழி போனதில் இழப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், தமிழாசிரியையின் வாயில் அது வராது. படையலிடும் அந்தப் பெண்களிடம் போய் "உங்களுக்கு உரிமை உண்டா?" என்று கேட்கவும் எனக்கு வாய் வராது. உங்களிடமும் அப்படித்தான்.

சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பஸ்ஸில் ஏறினால், எல்லையில் கூட்டமில்லாத நாளில், ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஜனவரியில் போகிக்குப் போய் வாருங்கள். பார்த்ததைத் தமிழில் நான்கு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். இந்த முறை நண்பன் வேண்டாம், நீங்களே எழுதுங்கள். "மலை பெய்தது" என்று வந்தாலும் நான் சிவப்புப் பேனாவைத் தொட மாட்டேன்.