ஐம்பது மதிப்பெண் காதல்

அன்புள்ள ஐயா,

ட்வைன் மென்பொருளில் வயது வந்தோருக்கான ஊடாட்டக் கதை ஒன்றை எழுதிவருகிறேன். நாயகி ஒரு சரக்குக் கப்பலின் பொறியாளர். விளையாடுபவர் அவளுக்குப் பிடித்த பதிலைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் ஏறும். ஐம்பதைத் தொட்டால் படுக்கையறைக் காட்சி. அங்கே வந்ததும் சலித்துவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். இன்னும் வெளிப்படையாக எழுத வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வேண்டாம். கோளாறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. நாயகிக்கு ஐம்பது என்று விலை வைத்துவிட்டீர்கள். அது தெரிந்த நொடியில் விளையாடுபவர் அவளோடு பேசுவதை விட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ விளையாட்டில் பரிசு கொடுத்தே துணைப் பாத்திரங்களின் நன்மதிப்பை உயர்த்தலாம். 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் அளவுகோலுக்கு நட்பு, போட்டி என்று இரு முனைகள்; போட்டி முனையிலும் காதல் மலரும். முரண்படுகிறவரையும் அங்கே விரும்ப முடிகிறது. உங்கள் பொறியாளரோ எதற்கும் முரண்படுவதே இல்லை.

மதிப்பெண்ணைத் திரையிலிருந்து மறைத்து, நம்பிக்கை, ஈர்ப்பு என இரண்டாகப் பிரியுங்கள். நம்பாதவன்மீதும் ஈர்ப்பு வரும். அந்த இரவு வேறு மாதிரி இருக்கும், மறுநாள் காலையும்தான். முதல் அத்தியாயத்தில் அவளிடம் சொன்ன சிறு பொய்யை ஒரு மாறியில் (கதைநிரல் தகவலை நினைவில் வைக்கும் இடம்) சேமித்துவைத்து, நான்காம் அத்தியாயத்தில் அவள் வாயாலேயே கேட்கவையுங்கள். ‘என்னை நினைவில் வைத்திருக்கிறாள்’ என்ற கூச்சம் பத்துப் பாராட்டு வசனங்களைவிட வேலை செய்யும்.

தாமதமும் வேண்டும், ஆனால் பூட்டிய கதவாக அல்ல. அகத்திணையில் அல்லகுறி என்றொரு சூழல் உண்டு. இரவில் இயல்பாக எழுந்த ஏதோ ஓசையைத் தலைவன் செய்த குறி என்று எண்ணித் தலைவி வந்து, ஏமாந்து திரும்புவாள். பிறகு அவன் உண்மையாகவே வந்தாலும் சந்திப்பு நடக்காது. இருவர்மீதும் குற்றமில்லை, ஆவல் மட்டும் ஏறுகிறது. இயந்திர அறையில் நள்ளிரவில் அலறும் ஓர் எச்சரிக்கை மணி உங்களுக்கு அதைச் செய்து கொடுக்கும்.

படுக்கையறைக் காட்சிக்குள்ளும் தேர்வுகள் இருக்கட்டும், அவளுக்கும் சேர்த்து. அவள் கேட்கலாம், மறுக்கலாம், சிரித்துவிடலாம். யார் நிறுத்தச் சொன்னாலும் எந்த மதிப்பும் குறையக்கூடாது. கதை அங்கிருந்து வேறு வழியில் தொடரவேண்டும்.