பி12-ஐ ஆய்வகத்தில் உருவாக்கியது ஏன்?

கேள்வி: பி12 வைட்டமினைத் தொழிற்சாலைகள் நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கும்போது, பல்கலைக்கழக வேதியியல் துறைகள் அதைச் செயற்கையாக உருவாக்கப் பத்தாண்டுக்கும் மேல் உழைத்ததால் என்ன பயன்?

பதில்: மருந்து தயாரிப்பது அந்த ஆய்வின் நோக்கமன்று. 1956-இல் பிரிட்டன் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்ப் படிகவியல் (படிகத்தில் எக்ஸ் கதிர்கள் சிதறும் விதத்தைக் கொண்டு அணுக்களின் அமைப்பை அறியும் முறை) வழியே பி12-இன் கட்டமைப்பை வெளிப்படுத்தியபோது, நடுவில் கோபால்ட் அணுவும் அதைச் சூழ்ந்து, நான்கு சிறு வளையங்கள் இணைந்த கோரின் என்னும் பெரிய வளையமும் கொண்ட அந்த மூலக்கூறு அன்றைய கரிம வேதியியலின் எட்டாக்கனியாக இருந்தது. ஹார்வர்டில் ராபர்ட் உட்வர்டும் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் எஷன்மோசரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள, ஏறத்தாழ 100 ஆய்வாளர்களின் உழைப்பில் 1972-இல் அப்பணி நிறைவேறியது.

ஆனால் அதைவிடப் பெரும் பேறு இடைவழியில் கிடைத்தது என்றே கருதுகிறேன். ஒரு வளையத்தை மூடும் வினையில் வெப்பமும் ஒளியும் எதிரெதிரான முப்பரிமாண அமைப்புகளைத் தருவதைக் கண்ட உட்வர்ட், அப்போது ஹார்வர்டிலேயே இருந்த இளம் கோட்பாட்டு வேதியியலாளர் ரோல்ட் ஹாஃப்மனுடன் இணைந்து, எலக்ட்ரான் ஆர்பிட்டால்களின் (மூலக்கூறில் எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் பகுதிகளின்) சமச்சீரே இதற்குக் காரணம் என்று 1965-இல் விளக்கினார். முதுகலை மாணவர்கள் இன்று படிக்கும் உட்வர்ட்-ஹாஃப்மன் விதிகள் இவையே. இதற்காக ஹாஃப்மன் 1981-இல் கெனிச்சி ஃபுக்குயியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1965-இலேயே சிக்கலான மூலக்கூறுகளைச் செயற்கையாக உருவாக்கிய தம் பணிகளுக்காக அப்பரிசைப் பெற்றிருந்த உட்வர்ட், 1979-இல் காலமாகிவிட்டார்.