உப்புக் காற்றில் இறுகிய பின் டிரெய்லியர்: மாற்றுவதா, மீட்பதா?

கேள்வி: ராமேஸ்வரம் அருகே மண்டபத்தில் இருக்கிறேன். பெரியப்பா ஓட்டிய பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள் வீட்டில் உள்ளது. பின்னால் 6 கியர், முன்னால் 2. லீவர்கள் கீழ்க்குழாயில், கிளிக் சத்தம் இல்லாத வகை. லீவரை இழுத்தால் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறுகிறது. விட்டால் சின்னதுக்கு இறங்க மாட்டேன் என்கிறது. பின்னால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டிரெய்லியரையே மாற்றச் சொல்கிறார்கள். இப்போது கிடைக்கும் 7 கியர் டிரெய்லியர் பொருந்துமா?

பதில்: பொருந்தும். ஆனால் காசு கொடுக்கும் முன் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். செயின் ஏறுவது உங்கள் கையின் இழுப்பால். இறங்குவது டிரெய்லியருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கால். ஏறிய செயின் இறங்கவில்லை என்றால், அந்த ஸ்பிரிங்கை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. ஒயர் இல்லாமல் டிரெய்லியரைச் சக்கரத்தின் பக்கம் கையால் தள்ளி விடுங்கள். பட்டென்று திரும்பினால் டிரெய்லியர் நன்றாகவே இருக்கிறது, குற்றவாளி ஒயர். பின்பக்கம் வளைந்து இறங்கும் கவருக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து, வளைவின் அடியில் தங்கித் துருவாகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒயரும் புதுக் கவரும் போட்டால் வேலை முடிந்தது.

மெதுவாகத் திரும்பினால் மூட்டுகள் இறுகியிருக்கின்றன. கழற்றி ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள். காலையில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நான்கு மூட்டுகளிலும் மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு, ஐம்பது அறுபது தடவை அசையுங்கள். பல டிரெய்லியர்கள் இப்படியே உயிர் பெற்றுவிடும். பழைய அலுமினிய டிரெய்லியர்களின் வேலைப்பாடு இன்றைய மலிவு வகைகளில் இல்லை. மீட்க முடிந்ததை மீட்பதே நல்லது. மூட்டுகள் தேய்ந்து கடகடவென்று ஆடினாலோ உடலில் விரிசல் இருந்தாலோ மட்டும் மாற்றுங்கள்.

மாற்றுவதென்றால், உங்கள் லீவர் கிளிக் இல்லாத உராய்வு வகை என்பது பெரிய வசதி. எத்தனை கியர் டிரெய்லியர் என்பது முக்கியமில்லை. 6, 7, 8 எதுவும் ஓடும். அண்மைக்கால 10, 11 கியர் மலைச் சைக்கிள் வகை மட்டும் வேண்டாம். அதற்கு ஒயர் அதிகமாக இழுக்க வேண்டும். இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, அது தாங்கும் மிகப் பெரிய பின் பல்சக்கரம். இன்னொன்று, மொத்தக் கொள்ளளவு: முன்பற்களின் வித்தியாசத்தோடு பின்பற்களின் வித்தியாசத்தைக் கூட்டுங்கள். முன்னால் 52, 42; பின்னால் 14 முதல் 28 என்றால் 10 + 14 = 24. பெட்டியில் போட்டிருக்கும் எண் இதற்குக் குறையக் கூடாது.

அடுத்து, டிரெய்லியர் தொங்கும் காது. ஃப்ரேமோடு சேர்ந்த காதில் மரை வெட்டியிருந்தால், அது பெரும்பாலும் 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. காதே இல்லையென்றால், அச்சு நட்டுக்கு அடியில் மாட்டும் தகட்டோடு வரும் டிரெய்லியரை வாங்குங்கள். ஷிமானோ டூர்னியில் இரண்டு வகையும் உண்டு. சில பழைய பிரெஞ்சு ஃப்ரேம்களில் காதில் துளை மட்டும் இருக்கும், மரை இருக்காது. அதை லேத் பட்டறையில் மரை வெட்டித்தான் போட வேண்டும்.

நம் கரையில் வேலை கெடுவது அதிகமும் கழற்றும்போதுதான். ஸ்டீல் போல்ட், ஸ்டீல் காது, நடுவே ஆண்டுக்கணக்கில் உப்பு. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைக் காதின் உள்பக்கத்திலிருந்து மரையில் விடுங்கள். போல்ட் தலையின் அறுகோணக் குழியில் அடைந்திருக்கும் துருவை ஊசியால் தோண்டி எடுங்கள். அலன் கீ முழு ஆழத்துக்கு இறங்காவிட்டால் குழி உருண்டு, பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். கீ 5 அல்லது 6 மி.மீ. இடப்பக்கம் திருப்புங்கள். கால் சுற்று போய்க் கிறீச்சிட்டால் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். ஒரே மூச்சில் திருகினால் காதின் மரை உரிந்து வரும்.

போல்ட் வந்தபின் காது வளைந்திருக்கிறதா பாருங்கள். சைக்கிள் எப்போதாவது வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால் வளைந்திருக்கலாம். 10 மி.மீ., 1 மி.மீ. மரை அச்சுள்ள வேறொரு பின்சக்கரத்தின் அச்சு முனையைக் காதில் திருகுங்கள். இரண்டு ரிம்களுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருந்தால் காது நேர். 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெல்ல நிமிர்த்தலாம். ஸ்டீல் காதை மட்டும்தான், அலுமினியம் முறிந்துவிடும். நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் அச்சின் மரை வேறு, அதைத் திருகாதீர்கள்.

புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். முதல் மூன்று சுற்று விரலால்தான். டிரெய்லியரின் சின்ன நாக்கு, காதின் பின்பக்கப் படிக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேலே ஏறி நின்றால் இறுக்கும்போது நாக்கு வளையும். இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்.

ஒயர் மாட்டுவதற்கு முன்பே, டிரெய்லியர் இருபக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கும் எல்லைத் திருகுகளைச் சரிசெய்யுங்கள். ‘எச்’ திருகு: டிரெய்லியரின் மேல் உருளை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே. ‘எல்’ திருகு: கையால் தள்ளிப் பிடித்தால் மிகப் பெரியதற்கு நேர் கீழே, அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிரெய்லியர் ஸ்போக்கில் சிக்கிக் காதையும் பிய்த்துவிடும். பிறகு லீவரை முழுக்க முன்னால் தள்ளி, ஒயரை இழுத்துப் பிடித்து இறுக்குங்கள்.

செயின் நீளம்: டிரெய்லியரைத் தொடாமல் முன்பெரியது, பின்பெரியது மீது சுற்றி, சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கூட விடுங்கள். செயின் தேய்மானம்: 12 முழுக் கண்ணி (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 நீண்டிருந்தால் பின் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலும் போய்விட்டது, புதுச் செயின் அதில் வழுக்கும்.

தனுஷ்கோடி கடற்கரை முனையான அரிச்சல்முனை வரை போய்வந்தால் அன்று மாலையே கழுவுங்கள். போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது கடல்நீருக்கு உறவுதான். குடிதண்ணீர் இரண்டு சொம்பு போதும். துடைத்துக் காயவிட்டு மூட்டுகளுக்குச் சொட்டு எண்ணெய், மேலே வழிந்ததைத் துணியால் எடுங்கள், இல்லாவிட்டால் மணல் ஒட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வாடைக்காற்று தொடங்கும் முன் கட்டாயம், அந்தப் போல்டைக் கழற்றிப் புதுக் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.