ஐரோப்பால பழைய ஸ்டீல் பிளான்ட்ட மூடுறது நெஜமாவே சுற்றுச்சூழலுக்காகவா, இல்ல நஷ்டத்துக்காகவா?

ரெண்டும்தான். ஸ்டீல உருட்டி தகடாக்குற ரோலிங் மில் பக்கம் கொஞ்ச வருஷமா குப்ப கொட்றேன், அதனால இந்த கேள்விய பாத்ததும் எனக்கு வேல்ஸ்ல இருக்க போர்ட் டால்பட்தான் ஞாபகம் வந்துச்சு. 2007ல டாடா ஸ்டீல் கோரஸ்ங்கிற ஐரோப்பிய ஸ்டீல் கம்பெனிய வாங்குனப்போ கூடவே வந்த பிளான்ட் அது.

2024 மார்ச்ல கோக் ஓவன் (நிலக்கரிய சுட்டு கோக்ங்கிற எரிபொருளாக்குற அடுப்பு), ஜூலைல 5ஆம் நம்பர் பிளாஸ்ட் ஃபர்னஸ் (அந்த கோக்க போட்டு இரும்புத் தாதுவ உருக்குற உலை), செப்டம்பர் 30ல 4ஆம் நம்பர்னு வரிசையா மூடிட்டாங்க, கோக் போட்டு இரும்பு உருக்குற வேலை அந்த ஊர்ல அதோட முடிஞ்சுது. பதிலுக்கு வர்றது ஸ்கிராப்ப, அதாவது பழைய இரும்ப, கரண்ட்ல உருக்குற எலக்ட்ரிக் ஆர்க் ஃபர்னஸ், செலவு 125 கோடி பவுண்டு, அதுல 50 கோடி பிரிட்டிஷ் அரசு காசு. வருஷத்துக்கு 50 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம்னு கணக்கு. ஆனா தினம் 10 லட்சம் பவுண்டு கிட்ட நஷ்டம்னு கம்பெனியே சொல்லிட்டு இருந்துச்சு, லாபத்துல ஓடிருந்தா இவ்ளோ சீக்கிரம் பச்சை பேசிருப்பாங்களான்னு எனக்கு டவுட்டுதான். யூகே முழுக்க 2,800 வேலை வரைக்கும் போகும்னு அறிவிச்சாங்க.

இதுல யாரும் அதிகமா பேசாத ஒண்ணு, புது ஃபர்னஸ் வர்ற வரைக்கும் அங்க இருக்க மில்லு ஓடணுமே, அதுக்கு வெளிநாட்டுல இருந்து ஸ்லாப் (தகடா உருட்டுறதுக்கு முன்னாடி இருக்க கனமான ஸ்டீல் பாளம்) எறக்குறாங்க, இந்தியால இருந்தும்தான். அதே செப்டம்பர்ல, 4ஆம் நம்பர நிறுத்துறதுக்கு பத்து நாள் முன்னாடி, அதே டாடா ஒடிசா கலிங்கநகர்ல 5,870 கன மீட்டர்ல இந்தியாவோட பெரிய பிளாஸ்ட் ஃபர்னஸ பத்த வெச்சுது! சதியெல்லாம் இல்ல, இங்க டிமாண்ட் இருக்கு, அவ்ளோதான். ஆனா வேல்ஸ் கணக்குல கொறையுற புகைல ஒரு பங்கு வேற நாட்டு கணக்குல ஏறுது.

ஸ்கிராப்னா சும்மா போட்டு உருக்கிடலாம்னு நெனைக்காதீங்க. பழைய கார நசுக்கி வர்ற ஸ்கிராப்ல மோட்டார் வயரோட காப்பர் கலந்திருக்கும், உருகுன இரும்புல சேந்துட்டா அத பிரிச்சு எடுக்க வழி கெடையாது, குழம்புல ஏறுன உப்பு மாதிரி நீர்க்கத்தான் வைக்கணும், அதாவது தாதுல இருந்து நேரா எடுத்த பிக் அயர்ன் சேக்கணும், இல்லன்னா சூடா உருட்டுற ஹாட் ரோலிங்ல மேல்பரப்புல வெடிப்பு விடும். போர்ட் டால்பட் ஸ்டீல் போறது கார் பாடி ஷீட்டு, டின் டப்பா தகடு மாதிரி சரக்குக்கு, அதுல இந்த வெடிப்பெல்லாம் ஆகவே ஆகாது. அதனால ஸ்கிராப் யார்டுல தரம் பிரிக்கிறதுதான் இனிமே பாதி மெட்டலர்ஜி. இன்னொண்ணு, பிளாஸ்ட் ஃபர்னஸ் ஸ்லாக் (உருக்குறப்ப மேல மிதக்குற கசடு) சிமென்ட்டுக்கு போயிட்டு இருந்துச்சு, ஆர்க் ஃபர்னஸ் ஸ்லாக் அப்படியே அந்த எடத்துக்கு ஆகாது. ஜிங்க் பூசுன தகடு உருகுறப்ப வர்ற டஸ்ட் ஆபத்தான கழிவு லிஸ்ட்ல வரும், அதுக்கு தனி ஃபில்டர், தனி செலவு.

இன்னொரு நாட்டு புகைல செஞ்ச ஸ்டீல எறக்கிட்டு நாங்க சுத்தம்னு சொல்ற இந்த ஓட்டைய அடைக்கத்தான் ஐரோப்பிய யூனியன் 2026 ஜனவரில இருந்து எல்லைல கார்பனுக்கு காசு கட்டணும்னு கொண்டு வந்திருக்கு, பிரிட்டன் 2027ல. போர்ட் டால்பட்ல புது ஃபர்னஸ் ஓடுறதுக்கு எப்படியும் 2027 கடைசி இல்ல 2028 ஆகும், அதுவரைக்கும் ஸ்லாப் கப்பல் வந்துட்டேதான் இருக்கும்.